இரண்டு மாதச் சம்பளம் கொடுத்து வாங்கிய செத்த ஃபைல்

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. போனது இரண்டு மாதச் சம்பளம். இனி யாரும் ஏமாறக்கூடாது என்பதற்காக, கவனிக்க வேண்டியதையெல்லாம் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

ஸ்டாக் கணக்குக்கு ஆக்சஸில் (மைக்ரோசாஃப்ட்டின் டேட்டாபேஸ் மென்பொருள்) ஒரு புரோகிராம் தேவைப்பட்டது. ஆள் பிடித்துத் தரும் ஒரு ஆன்லைன் தளத்தில் கிடைத்தார் அந்த டெவலப்பர். ஸ்கிரீன் ஷேர் போட்டு, 'மாதம்' என்பதை மவுஸால் இழுத்து மேலே விட்டார். மொத்த விற்பனையும் மாதவாரியாகக் கட்டம் கட்டமாக வந்து நின்றது. பிவட் டேபிளாம். அசந்துபோனேன். "புது வெர்ஷன்லயும் ஓடுமா சார்?" என்று கேட்டேன், கேட்காமல் இல்லை. "கண்ணை மூடிட்டு நம்புங்க" என்றார். மூடினேன். அன்று ராத்திரியே முழுப்பணமும் அனுப்பிவிட்டேன்.

போன வாரம் பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. புதியதில் புது ஆக்சஸ். பென் டிரைவிலிருந்து ஃபைலைப் போட்டால் திறக்கவே இல்லை.

முதல் நாள் "விண்டோஸ் அப்டேட் பிரச்சினை சார்." மறுநாள் "ஆன்டிவைரஸை நிறுத்திப் பாருங்க." அப்புறம் "2010 வெர்ஷனையே போட்டுக்குங்களேன்." அதற்கு 2020 அக்டோபரிலேயே சப்போர்ட் முடிந்துவிட்டது! அதன்பிறகு போனை எடுக்கவில்லை. தளத்துக்காரர்கள், புகார் சொல்லும் கெடு முடிந்துவிட்டது என்று மூன்று முறையும் அதே ஒற்றை வரியை அனுப்பினார்கள்.

விஷயம் தெரிந்த ஒருவர் ஃபைல் பெயரின் வாலைப் பார்த்ததுமே சிரித்துவிட்டார். ஏடிபி (.adp). அந்த வகை ஃபைலையும் பிவட் டேபிள் வியூவையும் ஆக்சஸ் 2013லேயே எடுத்துவிட்டார்களாம். நான் வாங்கியது போன வருடம்! டேட்டா, எஸ்க்யூஎல் சர்வர் என்ற தனி டேட்டாபேஸில் இருந்ததால் பிழைத்தது. ஃபாரம், ரிப்போர்ட் எல்லாம் அந்த ஃபைலுக்குள் மாட்டிக்கொண்டன. போதாக்குறைக்கு, போன் நம்பரைச் சரிபார்க்க விபிஸ்கிரிப்ட் என்ற பழைய ஸ்கிரிப்ட் மொழியின் லைப்ரரியை வேறு செருகி வைத்திருக்கிறார். அதையும் படிப்படியாக நிறுத்தப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023லேயே சொல்லியாயிற்று. இதற்குத்தான் இரண்டு மாதச் சம்பளம்.

சரி, கவனிக்க வேண்டியவை. ஃபைல், ஆக்சஸின் இப்போதைய வகையான ஏசிசிடிபியா (.accdb) என்று பாருங்கள். டெவலப்பரின் கம்ப்யூட்டரில் அல்ல, உங்களுடையதில், புது வெர்ஷனில் திறந்து காட்டச் சொல்லுங்கள். பணத்தில் பாதியையாவது நிறுத்தி வையுங்கள். இன்னும் இருந்தது, இப்போது எழுதப் பொறுமையில்லை.

தளத்தில் அவருக்கு இன்றும் ஐந்து நட்சத்திரம். அதில் ஒன்று நான் போட்டது. மாற்ற முடியவில்லை.