துளை சரியாக நடுவில் இருந்தது, 280 பவுண்டு போச்சு

சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் 'போனால் போகட்டும்' என்று விட்டுவிடுவேன், என் சுபாவம் அப்படி. பழைய இசைத்தட்டு ஒன்றை வாங்கி ஏமாந்ததில் போனது 280 பவுண்டு. இன்னொரு தடவை சொல்கிறேன், 280 பவுண்டு. நாட்டுப்புறப் பாட்டும் ராக் இசையும் கலந்த பழைய பிரிட்டிஷ் ஃபோக் ராக் இசைத்தட்டுகளைத் தேடி அலையும் கிறுக்கு நம் ஆட்களில் நாலைந்து பேருக்குத்தான் இருக்கும். அந்த நாலைந்து பேரில் ஒருவர் தப்பித்தாலும் சரி.

விற்ற ஆளின் பெயரையும் தளத்தின் பெயரையும் போடவில்லை. பழைய இசைத்தட்டுகளை வாங்குவோரும் விற்போரும் கூடும் ஓர் இணையச் சந்தை, அதில் நல்ல மதிப்பெண்களோடு கடை விரித்திருக்கும் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்கிறாள் மனைவி. இந்த விஷயத்தில் அவள் சொன்னது எதுவுமே தப்பாகவில்லை, அதனால் கேட்டுக்கொள்கிறேன்.

நான் இருப்பது யார்க்‌ஷர் பக்கம், ஹல் நகரத்தில். இதே ஊர்க்காரர்கள்தான் வாட்டர்சன் குடும்பம். நார்மா, மைக், லால் என்று உடன்பிறந்தவர்கள் மூன்று பேர், கூடவே ஓர் உறவுக்காரர். 1965ல் இசைக்கருவியே இல்லாமல் வெறும் குரலை வைத்துக்கொண்டு நாட்டுப்புறப் பாடல்களைப் பாடி இங்கிலாந்தையே திரும்பிப் பார்க்க வைத்தார்கள். அப்புறம் குழு கலைந்தது. லாலும் மைக்கும் ஆளுக்கொரு பக்கம் சொந்தமாகப் பாட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பாட்டுகளைத் தொகுத்து 1972ல் வந்ததுதான் 'பிரைட் ஃபீபஸ்' இசைத்தட்டு, நான் ஏமாந்தது இதில்தான். லண்டனில் செசில் ஷார்ப் ஹவுஸ் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வைத்துப் பதிவு செய்தார்கள். ரிச்சர்ட் தாம்ப்சன், ஆஷ்லி ஹட்சிங்ஸ், டேவ் மேட்டக்ஸ், மார்ட்டின் கார்த்தி, மேடி பிரையர், டிம் ஹார்ட் என்று வந்து வாசித்தவர்களும் பாடியவர்களும் அத்தனை பேரும் பெரிய தலைகள். ஆனால் நாட்டுப்புறப் பாட்டென்றால் பழசாகத்தான் இருக்க வேண்டும் என்று இருந்தவர்களுக்கு இது பிடிக்கவில்லை. தட்டு விற்கவும் இல்லை.

விற்காததற்கு இன்னொரு காரணமும் சொல்வார்கள். இந்த வட்டாரத்தில் இசைத்தட்டு சேர்க்கிற யாரைக் கேட்டாலும் முதலில் சொல்லும் கதை அதுதான். அடித்ததே 2000 பிரதி, அதில் பாதிக்கு நடுத்துளை நடுவில் விழவில்லை. துளை ஒரு மயிரிழை விலகினாலும் போதும், தட்டு சுற்றும்போது ஊசிக்கை இடமும் வலமுமாக ஆடும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. அந்த 1.8 விநாடிக்கு ஒருமுறை சுருதி மேலே ஏறிக் கீழே இறங்கும். நீட்டிப் பிடிக்கிற குரலில் தெளிவாகவே கேட்கும். இந்தக் கதையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். என்னைக் கவிழ்த்ததே இதுதான்.

தட்டை வெளியிட்டது பில் லீடர் நடத்திய ட்ரெய்லர் நிறுவனம், எண் எல்.இ.எஸ் 2076. 70களின் கடைசியில் அந்த நிறுவனத்தின் பதிவுகள் கை மாறின, அப்புறம் இன்னொரு கை. அதோடு அதில் வந்த பல தட்டுகள் பல வருடம் கடைப்பக்கமே தலைகாட்டவில்லை. நிக் ஜோன்ஸ் என்று ஒரு மகா கலைஞர். 1982ல் கச்சேரி முடிந்து வீடு திரும்பும் வழியில் கார் விபத்தில் சிக்கினார், அதோடு அவருடைய மேடை வாழ்க்கை நின்றுவிட்டது. அவருடைய ஆரம்பகாலத் தட்டுகளுக்கும் இதே கதிதான். கேட்க ஆசைப்பட்டால் பழைய பிரதியைத் தேடித்தான் வாங்க வேண்டியிருந்தது. தேடுகிறவன் கூடினால் விலை ஏறும். விலை ஏறிய இடத்துக்கு ஏமாற்றுகிறவனும் வந்து சேர்வான்.

பிரைட் ஃபீபஸ் 2017ல் ஒழுங்காக மறுபதிப்பு கண்டது. 'அப்புறம் எதற்கு உனக்குப் பழசு?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான், மனைவியும் கேட்டாள். என்னிடம் நல்ல பதில் இல்லை. அவர்கள் ஊரிலேயே ஒன்பது வருடமாக இருக்கிறேன், 1972ல் அடித்த தட்டு ஒன்று வீட்டில் இருக்க வேண்டும் என்று ஆசை. அவ்வளவுதான்.

ஐந்து வாரம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தச் சந்தையில் விளம்பரத்தைப் பார்த்தேன். பிரைட் ஃபீபஸ் முதல் பதிப்பு, கூடவே நிக் ஜோன்ஸின் 1977 தட்டு 'தி நோவாஸ் ஆர்க் ட்ராப்', இரண்டும் சேர்த்து 320 பவுண்டு. படம் ஆறு. செய்தி அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அந்த ஆளே தொலைபேசி எண் கொடுத்துக் கூப்பிடச் சொன்னார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

முக்கால் மணி நேரம் பேசினோம். வார்த்தைக்கு வார்த்தை 'மேட்' (நம் 'நண்பா' மாதிரி) போட்டார். இளவயதில் ஹல் நகரத்து மதுக்கூடங்களில் நார்மா பாடியதை நேரில் கேட்டிருக்கிறாராம். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "ஒரு குறை இருக்கிறது, மறைத்து விற்க மனசு வரவில்லை. துளை சற்று விலகியிருக்கிறது. அந்தப் பாதியில் ஒன்றுதான் இது" என்றார். சொன்னதோடு நிற்கவில்லை, தட்டைச் சுழலவிட்டுத் தொலைபேசியை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் வைத்தார். லாலின் குரல் மெல்ல ஆடிக்கொண்டு வந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

அந்த இடத்தில்தான் விழுந்தேன். நம் ஊரில் சந்தையில் மாடு பிடிக்கப் போனால்கூட, குறையைத் தானாகச் சொல்லுகிற தரகனை ஒரு படி கூடவே நம்புவோம் இல்லையா? தன் சரக்கின் குறையைத் தானே சொல்கிறவன் பொய் சொல்லமாட்டான் என்று நினைத்தேன். அந்தக் குறையே பொய்யாக இருக்கும் என்று எப்படித் தோன்றும்?

"துளைக்காக 20 குறைக்கிறேன். தளத்துக்குக் கமிஷன் அழாமல் நேராக என் வங்கிக் கணக்கில் போட்டால் இன்னொரு 20" என்றார். ஆக 280. வங்கிச் செயலியில் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வந்தது: இது மோசடியாக இருக்கலாம், இந்த நபரை நேரில் தெரியுமா? 'தொடர்க' என்று அழுத்தினேன். நானேதான் அழுத்தினேன். பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்தவள், "ஏங்க, கார்டில் கட்டக்கூடாதா?" என்றாள். "உனக்கு இதெல்லாம் தெரியாது" என்று சொன்னேன். 280 பவுண்டைவிட இந்த வாக்கியம்தான் இப்போது அதிகம் வலிக்கிறது.

நாலாம் நாள் பொட்டலம் வந்தது. அட்டைக்கு மேல் அட்டை வைத்து ஒழுங்காகக் கட்டியிருந்தார். உறை அசல்தான், அதில் சந்தேகமே இல்லை. ஐம்பது வருடப் பழைய அட்டையின் வாசனையைப் பொய்யாக உண்டாக்க முடியாது. நிக் ஜோன்ஸ் தட்டும் அசல்தான். ஆனால் 'எக்ஸலண்ட்' என்று போட்டிருந்ததில் முதல் பக்கம் முழுக்கக் கீறல், வறுகடலை பொரிகிற சத்தம். (இந்தத் தொழிலின் தரச்சொற்களே ஒரு கூத்து. 'வெரி குட்' என்றால் சுமார், 'குட்' என்றால் தொடாதே.) சரி போகட்டும், ஆசைப்பட்டது பிரைட் ஃபீபஸ்தானே என்று அதைச் சுழலவிட்டேன். அருமையாக இருந்தது. இரண்டு முறை கேட்டேன். மூன்றாம் நாள் நண்பர் ஒருவருக்குக் காட்டலாமென்று, "ஊசிக்கை ஆடுவதைப் பாருங்கள்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் பார்த்தால், ஆடவில்லை. நூல் பிடித்தமாதிரி நேராகப் போகிறது. சுருதியிலும் ஆட்டமில்லை. துளை சரியாக நடுவில் இருக்கிறது.

முதலில் என்ன நினைத்தேன் தெரியுமா? 'பாவம், அவருடைய இயந்திரத்தில்தான் கோளாறு போல, நமக்கு நல்ல தட்டே வந்துவிட்டது' என்று சந்தோஷப்பட்டேன். இப்படியும் ஒருவன் இருப்பானா!

ராத்திரி தூக்கம் வரவில்லை. விளக்கைப் போட்டுத் தட்டைச் சாய்த்துப் பார்த்தேன். பாட்டு முடிந்த பிறகு லேபிளைச் சுற்றி வழவழப்பாக ஒரு வளையம் இருக்குமே, அதில் தட்டின் எண்ணைக் கீறியோ அச்சிட்டோ வைப்பார்கள். லேபிளில் எல்.இ.எஸ் 2076 இருக்கிறது, வளையத்தில் அந்த எண்ணே இல்லை, வேறு ஏதோ இருக்கிறது. மறுநாள் ஊரில் நாற்பது வருடமாகத் தட்டு விற்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். கையில் வாங்கியவர் தட்டைப் பார்க்கவே இல்லை, லேபிளின் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்தார். நகம் உள்ளே போனது. தாள் எழும்பியது. அடியில் இன்னொரு லேபிள், 2017 மறுபதிப்பின் லேபிள்.

பெரியவர் சொன்னதை அப்படியே தருகிறேன், உங்களுக்கும் உதவும். இசைத்தட்டின் லேபிள் பசை போட்டு ஒட்டுவதில்லை. சூடான வினைல் உருண்டைக்கு மேலும் கீழும் லேபிள் தாளை வைத்துத்தான் அச்சு இயந்திரமே அழுத்துகிறது. தாளும் தட்டும் ஒன்றாக இறுகிவிடும், நகம் நுழையாது. எனக்கு வந்ததில் பழைய லேபிளை வண்ணத்தில் நகலெடுத்து, வட்டமாக வெட்டி, ஒட்டி, துளையையும் போட்டிருக்கிறான். துளையைச் சுற்றிக் கோடுகளே இல்லையே என்றும் காட்டினார். ஐம்பது வருடம் புழங்கிய தட்டு என்றால், சுழல்மேடையின் முளையில் துளையைத் தேடித்தேடி மாட்டியதில் லேபிளில் மெல்லிய கீறல்கள் விழுந்திருக்கும். இதில் ஒரு கீறல்கூட இல்லை. அப்போது தொலைபேசியில் கேட்ட அந்த ஆட்டம்? உண்மையான தட்டு ஒன்று அந்த ஆளிடம் இருக்கிறது, அதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டுகிறான் என்பது பெரியவரின் ஊகம்.

இனி வருவது கைகழுவல் படலம்.

முதலில் அந்த ஆள். முதல் செய்திக்கு, "அப்படியா மேட், வருத்தமாக இருக்கிறதே, பார்த்துச் சொல்கிறேன்" என்றார். ஐந்து நாள் சத்தமில்லை. இரண்டாவதற்கு, "நான் கடைக்காரன் இல்லை, வீட்டில் கிடப்பதை விற்பவன், திரும்ப எடுக்கும் பழக்கமில்லை." அவர் பக்கத்தில் விற்பனைக்கு இருப்பவை ஆயிரத்துக்கும் மேல்! அப்படி என்ன வீடோ. மூன்றாவது பதில்தான் உச்சம். "நான் அசலைத்தான் அனுப்பினேன். தட்டை மாற்றி வைத்துக்கொண்டு பணம் கேட்கிறாயோ?" அதோடு எண்ணைத் தடுத்துவிட்டார்.

அடுத்து தளம். உங்கள் கட்டணம் எங்கள் வழியாக நடக்கவில்லை, ஆகவே நாங்கள் தலையிட இயலாது. அவ்வளவுதான், இரண்டு வரி. சரியான எண்ணுக்கு முறையிட்டு மூன்றாவது ஆளிடம் பேசியபோதும் அதே இரண்டு வரி.

அடுத்து வங்கி. மோசடியில் பணத்தைத் தானாக அனுப்பி ஏமாந்தவர்களுக்கு வங்கியே திருப்பித் தர வேண்டும் என்று இந்த நாட்டில் 2024 அக்டோபரிலிருந்து விதி இருக்கிறது. ஆவலோடு போனேன். "பொருள் வந்ததா?" வந்தது. "அதில் ஒன்றாவது அசலா?" அசல். "அப்படியென்றால் இது மோசடி ஆகாது, வாங்கியவருக்கும் விற்றவருக்கும் உள்ள தகராறு." கீறல் விழுந்த நிக் ஜோன்ஸை அவன் ஏன் கூடவே சேர்த்து அனுப்பினான் என்று அப்போதுதான் புரிந்தது. கடன் அட்டையில் கட்டியிருந்தால் 1974ஆம் வருடத்து நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு 100 பவுண்டுக்கு மேற்பட்ட பொருளுக்கு அட்டை நிறுவனத்தையும் பொறுப்பாக்கும், அதன்படி கேட்டிருக்கலாமே என்று வங்கியில் பேசிய பெண்ணே பரிதாபமாகச் சொன்னாள். காய் நறுக்கிக்கொண்டே சொன்னவளுக்கு இந்தச் சட்டமெல்லாம் தெரியாது, ஆனாலும் சொன்னாள்.

இன்று இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. காலையில் வேறொரு கணக்கிலிருந்து அந்த ஆளின் பக்கத்தைப் பார்த்தேன். ட்ரீஸ் என்ற ஃபோக் ராக் குழுவின் 'ஆன் தி ஷோர்' புதிதாக ஏறியிருக்கிறது, சின்னப் பெண் நீரை வீசும் அட்டை, பார்த்திருப்பீர்கள். விலை 450. கீழே ஒரு வரி: 'ஒரு குறை இருக்கிறது, மறைக்க மனசு வரவில்லை, துளை சற்று விலகியிருக்கிறது.' அந்தத் தட்டுக்குத் துளைக் கதையே கிடையாது!

எச்சரிக்கைகள் விரிவாக எழுதுவதாக இருந்தேன், ஆறு மணிக்கு ஷிப்ட், நேரமில்லை. லேபிள் ஓரத்தில் நகம் வையுங்கள். வளையத்து எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள். 70களின் தொடக்கத்து உறை என்று சொல்லிப் பின்பக்கம் பார்கோடு இருந்தால் அது பொய். தளத்துக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள். பொட்டலத்தைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள், 'நீதான் மாற்றினாய்' என்று சொல்வதற்கு வாய்ப்புக் கொடுக்காதீர்கள். கார்டில் கட்டுங்கள். அந்த 450 பவுண்டு 'ஆன் தி ஷோர்' மேல் யாராவது கண் வைத்திருந்தால், பணம் போடுவதற்கு முன் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், அந்தத் தட்டையும் கொஞ்சம் தொலைபேசியில் வாசித்துக் காட்டச் சொல்லலாம்.