உள் கேபினா, பால்கனி கேபினா? ஒரே பயணத்தில் இரண்டிலும் படுத்துப் பார்த்தவன் சொல்கிறேன்

திருமங்கலத்தில் இருக்கும் மச்சினன் டிசம்பரில் குடும்பத்தோடு சிங்கப்பூர் போய் உல்லாசக் கப்பல் ஏறப்போகிறான். "மாமா, பால்கனி போடவா, இல்ல ஜன்னல் இல்லாத ரூமே போதுமா?" என்று போன வாரம் கேட்டான். போனில் அரை மணி நேரம் பேசியும் முடியவில்லை, எழுதியே விடுகிறேன். இதே கேள்வியோடு வேறு யாராவது இருந்தால் அவர்களுக்கும் ஆகும்.

முதலில் என் அனுபவத்தின் அளவைச் சொல்லிவிடுகிறேன். போனது ஒரே ஒரு தடவை. நான்கு இரவுகள், மே மாதக் கடைசி வாரம், சிங்கப்பூரில் ஏறி பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டு மறுபடி சிங்கப்பூர். நான், மனைவி, ப்ளஸ் டூ முடித்த மகன், 68 வயது அம்மா. இரண்டு கேபின் போட்டோம். பெரியவர்களுக்கு நல்லதைக் கொடுக்கணும் என்று அம்மாவுக்கும் மனைவிக்கும் பால்கனி, எனக்கும் மகனுக்கும் ஜன்னல் இல்லாத உள் கேபின். மூன்றாம் நாள் காலையில் பெட்டிகளை உருட்டிக்கொண்டு இடம் மாறிக்கொண்டோம். ஆக எனக்கு இரண்டு இரவு உள்ளே, இரண்டு இரவு பால்கனியில். இப்போது கேட்டால் நான் உள் கேபின் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

எல்லாருக்கும் தெரிந்த விஷயங்களை வேகமாக முடித்துவிடலாம். சாப்பாடு, நீச்சல் குளம், நாடகம், லிஃப்ட் எல்லாம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். பெரிய சூட் அறை எடுக்காதவரை தினப்படி டிப்ஸும் துறைமுக வரியும் பெரும்பாலும் ஒன்றுதான். உள் கேபின் 160 சதுர அடி போல, பால்கனி கேபின் 200 போல, பாத்ரூம் இரண்டிலும் ஒருவர் திரும்பினால் முழங்கை இடிக்கிற அளவு. எங்களுக்கு விலை வித்தியாசம் ஆளுக்கு 16,000 ரூபாய், அறைக்கு 32,000. அதில் ஒரு ஆள் இங்கிருந்து சிங்கப்பூர் போய்வரும் டிக்கெட்டே கிட்டத்தட்ட வந்துவிடும்.

பால்கனிக்கு உள்ள பெருமையை நான் மறுக்கவில்லை. முதல் நாள் சாயங்காலம் கப்பல் கிளம்பியதும் நாலு பேரும் அங்கேதான் நின்றோம். சிங்கப்பூருக்கு வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருக்கும் சரக்குக் கப்பல்கள் எண்ண முடியாத அளவுக்கு நிற்கும். இருட்டியதும் ஒவ்வொன்றிலும் விளக்கு ஏற, சித்திரைத் திருவிழா ராத்திரியில் ஆற்றுப் பாலத்து மேலே நின்று பார்ப்பது போல இருந்தது. மறுநாள் விடிகாலை அம்மா நைட்டி மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு சூரியனைக் கும்பிட்டுவிட்டு, "இதுக்கே குடுத்த காசு சரியாப் போச்சு" என்றார். அந்தக் கணத்தில் என்னைக் கேட்டிருந்தால் பால்கனிதான் என்று எழுதிக் கொடுத்திருப்பேன்.

ஒரு விஷயம், பால்கனி ஒரு பக்கத்தை மட்டும்தான் காட்டும். சிங்கப்பூரிலிருந்து மலாக்கா நீரிணை வழியாக வடமேற்கே போகும்போது கப்பலின் இடப்பக்கம் சூரியன் மறையும், வலப்பக்கம் உதிக்கும்; திரும்பும்போது தலைகீழ். எங்களுக்குக் கிடைத்தது வலப்பக்கம், அதனால் போகும்போது காலை வெயில். சாயங்காலத்துக்கு எப்படியும் மேல்தளத்துக்குத்தான் ஏறினோம். அங்கே இரண்டு பக்கமும் தெரிகிறது, அதுவும் இலவசமாக. அப்புறம், பால்கனியில் துணி காயப்போடலாம் என்று என் மனைவி கணக்குப் போட்டிருந்தாள், அதற்கு அனுமதி இல்லை. ஊதுபத்தி, மெழுகுவத்தி, அயர்ன் பாக்ஸ், தண்ணீர் சுட வைக்கும் கெட்டில் இவையெல்லாம் எங்கள் கப்பலில் எந்தக் கேபினிலும் கூடாது. கப்பலில் தீ என்றால் அவ்வளவு பயம். அம்மா வெள்ளிக்கிழமைக்கென்று சுருட்டி வைத்திருந்த கற்பூரத்தை ஊரிலேயே எடுத்துவைக்கச் சொல்லாமல் போனது என் தப்பு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விஷயம் கப்பலின் ஆட்டம்.

இரண்டாம் நாள் ராத்திரி பினாங்கிலிருந்து கிளம்பி புக்கெட் போகிற வழி. இரண்டரை மணிக்கு அறை போன் அடித்தது. "அத்தைக்கு முடியல, வாங்க" என்றாள் மனைவி. லிஃப்டில் ஏறி, நீளமான நடைபாதையைச் சுவரைப் பிடித்துக்கொண்டே கடந்து போனேன். கதவைத் திறந்ததும் முதலில் காதில் விழுந்தது அலமாரிக்குள் ஹேங்கர்கள் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம், டக், டக், டக் என்று கடிகாரம் மாதிரி. பால்கனித் திரைச்சீலை கண்ணாடியை விட்டு விலகி அறைக்குள் வந்து நிற்கிறது, பிறகு மெதுவாகத் திரும்பிப் போய் ஒட்டுகிறது. அம்மா கட்டிலில் சம்மணமிட்டு, மூக்கில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடியிருந்தார். "அங்கிட்டும் இங்கிட்டும் ஆடுதுடா, நிறுத்தச் சொல்லு" என்றார், ஏதோ மாட்டுத்தாவணி பஸ்ஸில் கண்டக்டரிடம் சொல்வது போல. ஏற்கெனவே இரண்டு தடவை வாந்தி.

எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், நான் அதுவரை நன்றாகத் தூங்கியிருந்தேன். ஒரே கப்பல், ஒரே கடல். அம்மாவைக் கைத்தாங்கலாக எங்கள் அறைக்கு அழைத்துவந்து என் கட்டிலில் படுக்கவைத்தேன். மேஜை மேல் இருந்த பாட்டிலில் தண்ணீர் லேசாகச் சாய்ந்தது, அவ்வளவுதான். அரை மணியில் குறட்டை. காலை எட்டு வரை எழுந்திருக்கவில்லை.

காரணம் ஜன்னல் அல்ல, இடம். எங்கள் உள் கேபின் 8-ஆம் தளத்தில், கப்பலின் நடுவில். பால்கனி கேபின் 13-ஆம் தளத்தில், பின்கோடிக்குப் பக்கத்தில். கப்பல் முக்கியமாக இரண்டு விதமாக ஆடுகிறது: இடவலமாகச் சாய்வது ஒன்று, முன்னும் பின்னும் ஏறி இறங்குவது இன்னொன்று. இடவலச் சாய்வை அடக்குவதற்கு ஸ்டெபிலைசர் என்று தண்ணீருக்குள் இரண்டு பக்கமும் துடுப்பு மாதிரி நீட்டுகிறார்கள், அது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் முன்பின் ஆட்டத்துக்கு அது பெரிதாக உதவாது. 300 மீட்டருக்கு மேல் நீளமான கப்பல் சீசாப் பலகை மாதிரி ஏறி இறங்கினால் நடுவில் உட்கார்ந்தவனுக்கு ஒன்றும் தெரியாது, கோடியில் இருப்பவன்தான் மேலே போய்க் கீழே வருவான். டவுன் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உயரமும் அப்படித்தான், காற்றில் தென்னையின் அடிமரம் அசைகிறதா என்ன, மட்டைதானே ஆடுகிறது.

எந்த மாதம், எந்த இடம் என்பதும் இதில் உண்டு. மலாக்கா நீரிணைக்குள் இருக்கும்வரை மேற்கே சுமத்திரா தீவு மதில் மாதிரி நின்று மறைத்துக்கொள்கிறது, முதல் ராத்திரி யாருக்கும் எதுவும் தெரியவில்லை. பினாங்கைத் தாண்டி வடக்கே போனால் அந்த மறைப்பு விலகி அந்தமான் கடல் திறந்துவிடும். தென்மேற்குப் பருவக்காற்று கேரளாவைத் தொடுவதற்கு முன்பே, மே 20 வாக்கில், அந்தமான் பக்கம் வந்துவிடும். பள்ளி லீவு என்று மே கடைசியில் டிக்கெட் போட்ட நான் அதை யோசிக்கவேயில்லை.

"அப்படியானால் நடுவில், கீழ்த்தளத்தில் பால்கனியே எடுக்கலாமே?" என்றால், எடுக்கலாம், அதுதான் எல்லாவற்றிலும் நல்லது. ஆனால் காசு. நாங்கள் பார்த்தபோது பால்கனியில் விலை குறைவாக இருந்ததெல்லாம் கோடியில், அல்லது உச்சியில், அல்லது முன்னால் லைஃப் போட் தொங்கிக் கடலை மறைக்கிற அறைகள். நடுப்பகுதிக்குத் தனி விலை. உள் கேபினிலோ நடுவுக்கும் கோடிக்கும் சில ஆயிரம்தான் வித்தியாசம். பால்கனிக்குக் கூடுதலாகக் கொடுக்கிற காசில் பாதிக்கும் குறைவாகக் கொடுத்து, கப்பலிலேயே ஆடாத இடத்தை வாங்கிவிடலாம். என் கட்சிக்கு மொத்த ஆதாரமும் இதுதான்.

இதில் ஏஜென்ட் ஒரு வேலை செய்திருந்தார். மதுரையில்தான், பெயர் வேண்டாம். "கேரண்டி" என்ற வகையில் போட்டிருக்கிறேன், இன்னும் விலை குறையும் என்றார். நானும் ஏதோ உத்தரவாதம் போல என்று தலையாட்டினேன். கேரண்டி என்றால் பால்கனி என்கிற வகை மட்டும்தான் உறுதி, எந்த அறை என்பதைக் கப்பல் கம்பெனி கடைசியில் மிச்சம் இருப்பதிலிருந்து ஒதுக்கும். யாரும் விரும்பாத அறைதானே மிச்சம் இருக்கும்? எங்களுக்கு வந்தது பின்கோடி, அதுவும் தலைக்கு மேலே புஃபே. விடிகாலை ஐந்து மணிக்கு நாற்காலிகளை இழுக்கிற சத்தம், பின் இரண்டு ராத்திரியும் எனக்கு அதுதான் சுப்ரபாதம். மேலேயும் கீழேயும் கேபின்களே இருக்கிற தளமாகப் பார்த்து, தள வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டி, அறை எண் போட்டு வாங்குங்கள்.

பகலில் கதை வேறு என்பதையும் சொல்லணும். தலைசுற்றலுக்கு அடிவானத்தைப் பார்த்துக்கொண்டு காற்றில் நிற்பது நல்ல மருந்து, அம்மாவே திறந்த தளத்தில் உட்கார்ந்ததும் தெளிந்துவிட்டார். அந்த அளவில் பால்கனிக்கு ஒரு மார்க் உண்டு. ஆனால் இரண்டரை மணி இருட்டில் எந்த அடிவானத்தைப் பார்ப்பது? மாத்திரை போடுவதாக இருந்தால் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே போடணும், வாந்தி வந்த பிறகு போட்டு அதுவும் வெளியே வந்ததுதான் மிச்சம். அவோமின் மாதிரியானவை தூக்கத்தையும் கொண்டுவரும், பிரஷருக்கு வேறு மாத்திரை சாப்பிடுகிற பெரியவர்கள் ஊரிலேயே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இஞ்சி மரப்பா ஒரு பொட்டலம் பையில் இருக்கட்டும்.

உள் கேபினில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. விளக்கை அணைத்தால் கை தெரியாத இருட்டு. என் மகன் முதல் ராத்திரி தூங்கி, மறுநாள் பகல் பதினொன்றரைக்கு எழுந்து "விடிஞ்சிருச்சாப்பா?" என்றான். இதற்கு ஒரு வழி: டிவியில் கப்பலின் முன்பக்கக் கேமராவைக் காட்டுகிற சேனல் இருக்கும், சத்தத்தைக் குறைத்து அதை ஓடவிட்டுப் படுத்தால் விடியும்போது அறையும் தானாக வெளுக்கும். ராத்திரி பாத்ரூம் போக ஒரு சின்ன விளக்கு கொண்டுபோங்கள். சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடு, காந்தக் கொக்கி நாலு வாங்கிப் போனால் துண்டு, பை, தொப்பி எல்லாம் மாட்டலாம். சில கப்பல்களில் உள் கேபினுக்கே ஏமாற்று ஜன்னல் உண்டு: டிஸ்னி ட்ரீமில் 2011-இல் வட்ட ஜன்னல் வடிவத்தில் திரை வைத்தார்கள், ராயல் கரீபியனின் குவாண்டம் வகைக் கப்பல்களில் தரையிலிருந்து கூரைவரை வெளிக் கேமரா காட்சி ஓடும். நான் நேரில் பார்த்ததில்லை. மூடிய இடத்தில் மூச்சு முட்டுகிறவர்களுக்கு இதெல்லாம் போதாது, அவர்கள் என் பேச்சைக் கேட்க வேண்டாம்.

அம்மாவுக்கு அந்த இருட்டு பிடித்துப்போனதுதான் நான் எதிர்பார்க்காதது. "கர்ப்பக்கிரகம் மாதிரி குளுகுளுன்னு இருக்குடா" என்று கடைசி இரண்டு நாளும் மத்தியானமும் அங்கேயே தூங்கினார். இடம் மாறினால் ஒன்று மட்டும் மறக்காதீர்கள், ரிசப்ஷனில் சொல்லி அறை அட்டையையும் மாற்றிக்கொள்ளணும். ஆபத்து வந்தால் எங்கே கூடணும் என்பது அறையைப் பொறுத்தது, அது அந்த அட்டையில்தான் இருக்கும்.

இனி எனக்குத் தெரியாத பக்கம். அலாஸ்கா, நார்வே மாதிரி நாள் முழுக்க மலையும் பனியும் கூடவே வருகிற இடங்களில் பால்கனிதான் பயணமே என்கிறார்கள், இருக்கலாம். 2023 ஜூனில் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்கு ஓடத் தொடங்கிய எம்ப்ரெஸ் என்ற கப்பல் 1990-இல் கட்டியது, 210 மீட்டர் நீளம்தான். சின்னக் கப்பல் என்றால் அலை கூடுதலாகத் தெரியும் என்பது என் ஊகம், ஏறிப் பார்த்தவர்களைக் கேளுங்கள். இரண்டுக்கும் நடுவில் திறக்க முடியாத கண்ணாடி ஜன்னல் வைத்த அறை என்று ஒன்று உண்டு, பல கப்பல்களில் அது கீழ்த்தளங்களில் இருக்கும். பெரியவர்களுக்கு அதுவே சரியாக இருக்குமோ என்று இப்போது தோன்றுகிறது. அதில் நான் படுத்ததில்லை.

மச்சினனுக்கு நேர்மையாக ஒன்று சொல்லணும். டிசம்பரில் புக்கெட் பக்கம் கடல் பொதுவாக அடங்கியிருக்கும், அதனால் என் வாதத்தில் பாதி அவனுக்குப் பொருந்தாது. இருந்தாலும் அவன் மாமியாரை எனக்குத் தெரியும், கொடைக்கானல் போகும்போது வத்தலகுண்டு தாண்டி முதல் வளைவிலேயே பையை நீட்டணும். நேற்று வாட்ஸப்பில் தள வரைபடத்தை அனுப்பியிருக்கிறான். 9-ஆம் தளம், நடு லிஃப்டிலிருந்து நாலாவது கதவு, அடுத்தடுத்து இரண்டு உள் கேபின், மேலேயும் கீழேயும் கேபின்தான். அந்த இரண்டு எண்ணும் மெயிலில் எழுத்தாக வந்த பிறகு பணம் கட்டு என்று சொல்லியிருக்கிறேன்.