குளத்துப்புழை ரப்பர் தோட்டத்து ரொட்டிக் கடை

கேரளத்துக் குளத்துப்புழை சாஸ்தா கோயிலில் மீனுக்கு இரை போட்டுவிட்டுப் பசியோடு வருகிறவர்கள், பொரோட்டாக் கடைகளைத் தாண்டி ரப்பர் தோட்டப் பக்கம் கொஞ்சம் வண்டியை விடுங்கள். பெயர்ப்பலகை இல்லாத தகரக் கொட்டகை ஒன்று வரும். தேங்காய் ரொட்டி, கட்டைச் சம்பல், பால் விடாத பிளேன்டி. இவ்வளவுதான் அங்கே.

மைதாவில் தேங்காய்ப்பூ போட்டுப் பிசைந்து, கையாலேயே தட்டிக் கல்லில் சுடுகிறார்கள். ஓரம் லேசாகக் கருகியிருக்கும், அதுதான் ருசி. சம்பலில் காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், மாசிக் கருவாடு, எலுமிச்சை, எல்லாம் அம்மியில் நசுக்கியது. என் செங்கோட்டை நாக்குக்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மாசி வேண்டாதவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும். பிளேன்டியில்தான் சீனி கூடுதல்.

கடைக்கார அக்காவின் அப்பா இலங்கையில் அட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர். 1948-இல் குடியுரிமை பறிபோன மலையகத் தமிழர்களை, அதாவது இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்குப் போனவர்களின் வம்சத்தை, 1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் பங்கு பிரித்தார்கள்: இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3 லட்சம். மிச்சம் ஒன்றரை லட்சத்தை 1974-இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் சரிபாதியாக்கினார்கள். அப்பா இந்தியக் கணக்கில் வந்து, இங்கே தொடங்கிய மறுவாழ்வுத் தோட்டத்தில் ரப்பர் வெட்டினார். அவருடைய தம்பி இலங்கைக் கணக்கில் அங்கேயே நின்றுவிட்டார்.

பக்கத்து பெஞ்சில் இருந்தவர், ஐரோப்பாவில் அகதிகளை எல்லா நாடும் பகிர்ந்துகொள்ளப் போவதாகச் சொன்னார். நானும் அந்தக் கட்சிதான். கிரீஸும் இத்தாலியும் கடலோரத்தில் இருக்கும் குற்றத்துக்காகத் தனியாகச் சுமக்க முடியுமா? ஆனால் 7-க்கு 4 என்று கணக்காகப் பிரித்த நம் ஒப்பந்தத்தில், இலங்கையிலேயே இருக்க மனுப் போட்டவர்கள் 3 லட்சத்தைவிட மிக அதிகம். நாடுகளுக்குள் நியாயமாகத்தான் பிரித்தார்கள். பிரிபட்டவர்களுக்கு அதில் என்ன நியாயம் கிடைத்தது என்று எனக்கு விளங்கவில்லை.

ஆளை ஏற்காத நாடு தலைக்கு 20,000 யூரோ கட்டலாம் என்று 2024-இல் அங்கே சட்டம் போட்டதைச் சொன்னேன். அக்கா ரொட்டியைத் திருப்பிக்கொண்டே சிரித்தார்.

“கூடப் பொறந்தவங்க எங்க இருக்காங்கன்னு கேப்பாங்களா தம்பி?”

“குடும்பத் தொடர்பைப் பாக்கணும்னு எழுதித்தான் வச்சிருக்காங்க அக்கா.”

“எழுதுவாங்க,” என்று இன்னொரு கரண்டி சம்பல் வைத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை.

பதினொரு மணிக்குள் போய்விடுங்கள், அப்புறம் சம்பல் தீர்ந்துவிடும். சிக்னல் கிடைக்காது, ஜிபேயை நம்பாமல் சில்லறையோடு போங்கள்.