ஒரே ஒரு ரைடுக்கு ஐந்தே முக்கால் வருடம்: டிஸ்னி, யுனிவர்சல், வொண்டர்லா

அமெரிக்காவின் புளோரிடாவில் இருக்கும் டிஸ்னி வேர்ல்டின் ட்ரான் ரோலர் கோஸ்டரை 2017 ஜூலையில் அறிவித்தார்கள். 2023 ஏப்ரல் 4-ஆம் தேதி திறந்தார்கள். அதே ஊர்ப்பக்கத்துப் போட்டி நிறுவனமான யுனிவர்சலின் எபிக் யுனிவர்ஸ் பூங்காவை 2019 ஆகஸ்ட் 1-ஆம் தேதி அறிவித்து 2025 மே 22-இல் திறந்தார்கள். இரண்டுக்கும் ஏறக்குறைய ஐந்தே முக்கால் வருடம். முன்னது ஒரே ஒரு ரைடு, அதுவும் ஷாங்காயில் 2016-லேயே ஓடத் தொடங்கியதன் மறுபதிப்பு. பின்னது ஐந்து உலகங்கள் கொண்ட முழுப் பூங்கா. தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் இருந்தபடி இந்த வேலைகளை வீடியோ வீடியோவாகப் பின்தொடரும் நமக்கு எரிச்சல் வருவது இங்கேதான். அறிவிப்பு வந்தபோது ஐந்தாம் வகுப்பில் இருந்த பிள்ளை, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதும் மாதத்தில் ட்ரான் திறக்கிறது.

கொரோனாவைக் காரணம் காட்டினால் முழுதாக ஏற்க முடியவில்லை. 2020-இல் இரண்டு பக்கமும் வேலை நின்றது. எபிக் யுனிவர்ஸை நிறுத்திவைத்து 2021 மார்ச்சில்தான் மறுபடி தொடங்கினார்கள். ஆனாலும் அதே கால அளவில் முழுப் பூங்காவையே முடித்துவிட்டார்கள்.

கட்டும் வேகத்தைவிட, எப்போது வாயைத் திறக்கிறார்கள் என்பதில்தான் பெரிய வித்தியாசம் இருக்கிறது. யுனிவர்சல் பெரும்பாலும் கடைசி நேரம்வரை பேசுவதில்லை. அவர்களுடைய இன்னொரு ரோலர் கோஸ்டரான வெலாசிகோஸ்டரின் பெயரை 2020 செப்டம்பரில் சொன்னபோது தண்டவாளம் ஏற்கெனவே வானில் வளைந்து நின்றது. 2021 ஜூனில் ஆட்களை ஏற்றிவிட்டார்கள். டிஸ்னியோ ரசிகர் மாநாட்டு மேடையில் அழகான ஓவியத்தைக் காட்டிவிடுகிறது, பிறகு வருடக்கணக்கில் வெறும் வேலிதான். ஒரு நன்மையை ஒப்புக்கொள்கிறேன்: வெளிநாட்டுப் பயணத்துக்குச் சிறுகச் சிறுகச் சேர்க்கிற குடும்பத்துக்கு, என்ன வரப்போகிறது என்று முன்பே தெரிவது உதவும். ஆனால் தேதி இல்லாத ஓவியத்தை நம்பி எந்த வருடத்துக்கு டிக்கெட் போடுவது?

இன்னொன்றுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. புதியது வருமுன் பழையதை மூடிவிடுவது. டிஸ்னி வேர்ல்டின் மேஜிக் கிங்டம் பூங்கா திறந்த 1971 முதல் அங்கே இருந்த ஆற்றையும், அதில் ஓடிய நீராவிப் படகையும் ‘கார்ஸ்’ படத்தை வைத்து வரும் ரைடுகளுக்காக 2025 ஜூலையில் மூடினார்கள். செயற்கை ஆறுதான், இருந்தாலும் ஆற்றங்கரையில் வளர்ந்த நமக்கு அதைத் தூர்த்த படங்களைப் பார்க்க மனம் ஒப்பவில்லை. இடைப்பட்ட வருடங்களில் போகிறவர்களுக்குப் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. எபிக் யுனிவர்ஸ் தனி நிலத்தில் எழுந்ததால், அதற்காகப் பழைய பூங்காவில் எதையும் இழக்க வேண்டியிருக்கவில்லை.

சென்னை வொண்டர்லாவை இந்த வரிசையில் எங்கே வைப்பது? நாம் காத்திருந்ததும் நெடுங்காலம்தான். 2017-இல் வந்த உள்ளாட்சி கேளிக்கை வரி பத்து சதவீதம். அதற்கு விலக்கு கிடைத்தால்தான் கட்டுவோம் என்று நிறுவனம் நின்றுவிட்டது. அதற்குள் புவனேசுவரம் முந்திக்கொண்டது. வருத்தம்தான். ஆனால் எதற்காக நிற்கிறது என்பதைச் செய்தித்தாள் படிக்கிற எவரும் தெரிந்துகொள்ள முடிந்தது. கடைசியில் 2025 டிசம்பர் 2-ஆம் தேதி, திருப்போரூர் பக்கம் 611 கோடி ரூபாயில் 43 ரைடுகளோடு திறந்தார்கள். அதில் ஒன்று சுவிட்சர்லாந்தின் போலிகர் அண்ட் மபிலார்ட் நிறுவனத்தின் தொங்கு கோஸ்டர், இந்தியாவில் முதலாவது. அதற்குத் தஞ்சோரா என்று பெயர் வைத்ததில் டெல்டாக்காரர்களுக்குத் தனிப் பெருமை.

மேட்டூர் ஜூன் 12-இல் திறக்க வேண்டும். 2024-இல் ஜூலை 28-இல்தான் திறந்தார்கள். விவசாயிகளுக்குக் கவலை இருந்தது, குறுவை போனதில் கோபமும் இருந்தது. ஆனாலும் அணையின் நீர்மட்டம் எத்தனை அடி என்று தினமும் பேப்பரில் வந்ததால் விதை நெல்லை என்ன செய்வது என்று அவரவர் முடிவெடுக்க முடிந்தது. பூங்காக்களிடம் நான் கேட்பதும் இந்த அளவுக்கான தகவல்தான். அஸ்திவாரம் முடிந்ததா, தண்டவாளம் வந்து இறங்கியதா, நீர் நிரப்பிய பொம்மைகளை உட்காரவைத்துச் சோதனை ஓட்டம் தொடங்கியதா? ஆட்களை ஏற்றுமுன் ஆயிரம் முறை ஓட்டிப் பார்க்கட்டும், அந்தத் தாமதத்தை நான் ஒருநாளும் குறை சொல்லமாட்டேன். பாதுகாப்பில் அவசரம் வேண்டாம்.

ஆக, வெளிநாட்டில் என் ஓட்டு யுனிவர்சலுக்கு. டிஸ்னியைக் கைவிடச் சொல்லவில்லை. அங்கே ரைடு ஓடத் தொடங்கிய பிறகு பயணத்தைத் திட்டமிடுங்கள்.

நம் கைக்கு எட்டுவதில் சென்னைதான் முதலில். உழவன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் தாம்பரம். அங்கிருந்து சாலை வழி. தஞ்சோராவுக்காக மட்டுமே போகலாம். கொச்சி வொண்டர்லாவுக்குக் காரைக்கால் - எர்ணாகுளம் ரயில் நாகை, திருவாரூர், தஞ்சை வழியாகவே போகிறது. 2000-இல் தொடங்கிய பூங்கா அது, சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள் நம்பிப் போகலாம். பெங்களூரு வொண்டர்லாவுக்கு மைசூரு எக்ஸ்பிரஸ் உண்டு; பூங்கா பிடதியில், மைசூரு சாலையில் இருக்கிறது. மூன்றில் எங்கே போவதானாலும், கிளம்புமுன் உங்களுக்கு வேண்டிய ரைடு அன்று ஓடுகிறதா என்று பூங்காவுக்கே போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.