லேப்டாப்ப மிக்சர்ல கொடுக்க: அடாப்டர் கேபிளா, நாமளே பத்தவச்ச கேபிளா, டிஐ பாக்ஸா?

போன மாசம் ரெண்டு சேனல் பேசிவ் டிஐ பாக்ஸ் ஒண்ணு வாங்கினேன். லேப்டாப், கீபோர்டு மாதிரி சாதனத்தோட சிக்னல மிக்சரோட மைக் இன்புட்டுக்கு ஏத்த மாதிரி மாத்திக் குடுக்கிற சின்ன டப்பாதான் டிஐ பாக்ஸ், பேசிவ்னா அதுக்குத் தனியா பவர் வேண்டாம். அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் வெறும் கேபிள வச்சே சின்னச் சின்ன ஃபங்ஷனுக்கு சவுண்டு பாத்தவன், அதனால ரெண்டு பக்கமும் பாத்துட்டுதான் சொல்றேன்.

முதல்ல கடையில ரெடியா கிடைக்கிற அடாப்டர் கேபிள். ஒரு முனையில 3.5 எம்எம் ஸ்டீரியோ ஜாக், இன்னொரு முனையில ஒரே ஒரு எக்ஸ்எல்ஆர், அதாவது மைக் கேபிள்ல இருக்கிற மூணு பின் கனெக்டர். இத லேப்டாப்ல போட்டு மிக்சர்ல சொருகவே சொருகாதீங்க. ஒரு ஆண்டு விழாவுல பசங்க டான்ஸுக்கு பாட்டு போட்டா மியூசிக் வருது, பாடுறவங்க குரல் மட்டும் காணோம், ஃபைல் தப்போன்னு மாத்திப் பாத்தேன், போன்ல இருந்து போட்டுப் பாத்தேன், எல்லாத்துலயும் அதேதான். விஷயம் என்னன்னா லெஃப்ட் 2ஆம் பின்னுக்குப் போகுது, ரைட் 3ஆம் பின்னுக்குப் போகுது. மிக்சர்ல எக்ஸ்எல்ஆர் சொருகுறது பேலன்ஸ்டு இன்புட், அதோட வேலையே 2ஆம் பின்ல வர்றதுல இருந்து 3ஆம் பின்ல வர்றத கழிக்கிறது. வழியில ஏறுற இரைச்சல் ரெண்டு கம்பியிலயும் ஒரே மாதிரி இருக்கும், கழிச்சா போயிடும். பாட்டுல குரலும் பெரும்பாலும் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருக்கும், அதுவும் சேந்து போயிடுது.

அடுத்தது நாமளே சால்டர் வச்சுப் பத்தவைக்கிறது. ரெண்டு கோர் ஷீல்டு கேபிள் (உள்ள ரெண்டு கம்பி, சுத்தி உலோக வலை) எடுத்து, ஜாக் டிப்ப (நுனிய) 2ஆம் பின்னுக்கு, ஸ்லீவ (அடிப்பகுதிய) 3ஆம் பின்னுக்கு, ஷீல்ட 1ஆம் பின்னுக்குக் குடுத்து, ஜாக் பக்கம் ஷீல்டையும் ஸ்லீவ்லயே சேத்துடணும். செலவு கம்மி. கீபோர்டு மாதிரி மோனோ அவுட்டுக்கு நல்லாவே வேலை செய்யும். லேப்டாப்னா லெஃப்டுக்கு ஒண்ணு, ரைட்டுக்கு ஒண்ணு. ரெண்டையும் நேரா முறுக்கி ஒண்ணாக்கிடக் கூடாது, ஒரு அவுட்புட் இன்னொண்ணு மேலயே தள்ளும்.

நான் டிஐ பாக்ஸுக்கு மாறினதுக்குக் காரணம் எர்த்துதான். லேப்டாப் சார்ஜர் மேடை ஓரத்து பிளக்ல இருக்கும், மிக்சர் ஹால் கடைசியில வேற பிளக்ல இருக்கும். ரெண்டு எடத்து எர்த்தும் சரிசமமா இருக்காது. ஆடியோ கேபிளோட ஷீல்டு ரெண்டையும் இணைச்ச உடனே அது வழியா கொஞ்சம் கரண்ட் ஓட ஆரம்பிக்கும், ஸ்பீக்கர்ல 50 ஹெர்ட்ஸ்ல உர்ர்ர்னு கேக்கும். சார்ஜர கழட்டினா நிக்கும், மாட்டினா திரும்ப வரும். மேல சொன்ன கேபிள் இத நல்லா குறைக்கும், ஆனா லேப்டாப் பக்கம் ஹாட் கம்பியில (2ஆம் பின்) மட்டும் ரெசிஸ்டன்ஸ் இருக்கு, கோல்டு (3ஆம் பின்) நேரா கிரவுண்டுல இருக்கு, ரெண்டும் சமமில்லாததால கழித்தல் முழுசா நடக்காது. சில பேர் பிளக்ல எர்த் பின்னையே கழட்டி விட்டுடுறாங்க. தயவுசெஞ்சு அத செய்யாதீங்க. இரைச்சல் நிக்கும்தான், ஆனா உள்ள எங்கயாவது லீக் ஆச்சுன்னா மைக்க வாயில வச்சிருக்கிறவருக்கு ஷாக் அடிக்கும், உயிர் போற விஷயம்.

டிஐ பாக்ஸுக்குள்ள இருக்கிறது ஒரு டிரான்ஸ்ஃபார்மர். சிக்னல் காந்தப்புலம் வழியாத்தான் தாண்டுது. கிரவுண்டு லிஃப்ட் சுவிட்ச தட்டி விட்டா ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல கம்பித் தொடர்பே இல்ல, கரண்ட் சுத்தி வர வழியும் இல்ல, பிளக் எர்த்தும் அப்படியே பத்திரமா இருக்கு. இன்னொரு நிம்மதி ஃபேன்டம் பவர் விஷயத்துல, அதாவது கண்டென்சர் மைக் வேலை செய்ய மிக்சர் மைக் கேபிள் வழியாவே அனுப்புற டிசி. நிறைய சின்ன மிக்சர்ல ஒரே பட்டன்தான், கண்டென்சர் மைக்குக்காக அமுக்கினா 48 வோல்ட் எல்லா மைக் சேனலுக்கும் போகும், வெறும் கேபிள்னா லேப்டாப் அவுட்புட் வரைக்கும் ஏறும். டிரான்ஸ்ஃபார்மர்ல டிசி தாண்டாது.

குறையும் இருக்கு. பேசிவ் டிஐல லெவல் 20 டெசிபெல் அளவுக்கு இறங்கிடும், அதனால மைக் இன்புட்ல கொடுத்து கெயின் ஏத்தணும். டிரான்ஸ்ஃபார்மர் மட்டமா இருந்தா லேப்டாப் வால்யூம ஃபுல்லா வைக்கும்போது கோர் சாச்சுரேட் ஆகி பேஸ் மழுங்கிடும், நான் முக்கால் வால்யூம தாண்டுறதில்ல. ஆக்டிவ் டிஐ நான் தொட்டது ரெண்டே ரெண்டு தடவை, ஒரு கிடாருக்கு, நல்லா இருந்துச்சு, அத வச்சு பெருசா எதுவும் சொல்ல மாட்டேன். அதுக்கு பேட்டரியோ ஃபேன்டமோ வேணும், அத ஞாபகம் வச்சுக்கோங்க.

வீட்ல, ஒரே ஜங்ஷன் பாக்ஸ்ல லேப்டாப்பும் மிக்சரும் மாட்டி, நடுவுல ரெண்டு மீட்டர்தான்னா டிஐ வேண்டாம், லைன் இன்புட்ல (மைக்குக்கு இல்லாம, இந்த மாதிரி சாதனத்துக்குன்னு இருக்கிற இன்புட்) சாதா கேபிளே போதும். ஆனா மேடைக்கு ஒரு கேபிள் ஓடப்போகுதுன்னா பை எடுக்கும்போதே நான் முதல்ல வைக்கிறது அந்த டப்பாவத்தான்.