ஐம்பது வயதில் பல் விளக்கக் கற்றுக்கொண்டேன்

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா குடிக்க வேண்டுமென்று டொராண்டோவில் ஆண்டு முழுவதும் ஏங்கியிருந்த எனக்கு, முதல் வாயிலேயே கீழ்ப்பற்கள் சுரீரென்று கூசியதால் பாதிக் குவளையை அப்படியே வைத்துவிட்டு வர நேர்ந்தது. மறுநாள் அண்ணா நகரில் ஒரு சிறிய பல் மருத்துவமனைக்குப் போனேன். முன்பதிவு செய்திருந்தும் ஒன்றரை மணி நேரம் காக்க வைத்தார்கள். எனக்குப் பின்னால் வந்தவர்கள், தெரிந்தவர்கள் என்பதால், எனக்கு முன்னால் உள்ளே போனார்கள். அந்த எரிச்சலோடுதான் நாற்காலியில் சாய்ந்தேன்.

மருத்துவருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். வாயைப் பார்த்ததும் கருவி எதையும் எடுக்காமல், ஒரு கண்ணாடியையும் புதிய பிரஷையும் என்னிடம் கொடுத்து, "வீட்டில் விளக்குவது போலவே விளக்கிக் காட்டுங்கம்மா" என்றார். காட்டினேன். "இது பாத்திரம் விளக்குகிற வேகம்" என்றார். உண்மைதான். நம் மொழியில் பாத்திரத்துக்கும் பல்லுக்கும் ஒரே சொல். கிணற்றடியில் சாம்பலால் செம்பையும் ரோஸ் நிறப் பொடியால் பல்லையும் தேய்த்து வளர்ந்த கை, கனடா போய் இருபத்தாறு ஆண்டுகளாகியும் அந்த அழுத்தத்தை விடவில்லை. ஈறு விலகி, எனாமல் இல்லாத வேர்ப்பகுதி வெளியே வந்திருப்பதால்தான் குளிர்ச்சி தைக்கிறது என்றும், விலகிய ஈறு தானாகத் திரும்ப வளராது என்றும் சொன்னார்.

பிறகு என் கையைப் பிடித்தே கற்றுக்கொடுத்தார். பிரஷைப் பேனாவைப் போல விரல்களால் பிடித்து, பல்லும் ஈறும் சேரும் கோட்டில் நார்களை 45 பாகை சாய்த்து வைத்து, இரண்டு மூன்று பற்களுக்கு ஓரிடமாக, நார்கள் வளையாத அளவுக்கு நடுங்குவது போலச் சின்னதாக அசைத்து, பிறகே அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். நலமான வாயிலும் ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே 1 முதல் 3 மில்லிமீட்டர் ஆழத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. அழுக்குப் படலம் தங்கி ஈறு வீங்குவதும் இரத்தம் கசிவதும் அங்கேதான். நானோ பல்லின் நடுவையே மாய்ந்து மாய்ந்து தேய்த்திருக்கிறேன். டொராண்டோவில் ஆறு மாதத்துக்கொரு முறை பல்லில் படிந்த காரையை நீக்கி, மெதுவாகத் தேயுங்கள் என்று சொல்லி அனுப்புவார்கள். எவ்வளவு மெதுவாக என்பதை என் விரல்களுக்கு அங்கே எவரும் காட்டியதில்லை.

அவர் எழுதிக்கொடுத்த மிருதுவான பிரஷுக்குச் சிம்மக்கல்லில் மூன்று கடைகள் ஏறி இறங்கினேன். கெட்டியாக இருந்தால்தான் அழுக்குப் போகும் என்று ஒரு கடைக்காரர் எனக்கே பாடம் சொன்னபோது கோபம் வந்தது. நான்காவதாக ஒரு மருந்துக்கடையில் கிடைத்தது, இரண்டு வாங்கினேன்.

இரண்டாவது அம்மாவுக்கு. மறுநாள் காலை, "விளக்கின மாதிரியே இல்லையேடி, இன்னும் கொஞ்சம் அழுத்தட்டுமா?" என்று கேட்ட அம்மாவின் மணிக்கட்டை, அந்தப் பெண் என் கையைப் பிடித்தது போலவே பிடித்துக்கொண்டேன்.