உப்புக் காற்றில் ஓர் எல்.இ.டி. எழுத்து போர்டு: ஒரு வருஷத்துக்குப் பிறகு

நாகர்கோவிலில் உள்ள ஒரு சைன் போர்டு கடை செய்து, குளச்சலில் ஒரு துணிக்கடை முகப்பில் ஏற்றிய போர்டு இது. அகலம் 12 அடி, உயரம் 3 அடி. கறுப்பு ஏ.சி.பி. ஷீட் (இருபுறமும் அலுமினியத் தகடு, நடுவில் பிளாஸ்டிக்), அதன் மேல் முன்பக்கம் ஒளிரும் அக்ரிலிக் எழுத்து. ஆனி, ஆடிச் சாரலையும் ஐப்பசி, கார்த்திகை மழையையும் ஒரு சுற்று பார்த்துவிட்டது. கடல் கூப்பிடு தூரம். போர்டு செய்த கடையின் பெயரை எழுதவில்லை. இதே பொருளை இதே முறையில் செய்கிற கடைகள் தக்கலை, மார்த்தாண்டம் வரை உண்டு, கொட்டேஷனில் வருகிற சொற்களும் ஏறக்குறைய ஒன்றுதான். எழுத்து வேலைக்கு இவர்களிடம் தைரியமாகப் போகலாம். ஃபிரேம் வேலையையும் கரண்ட் வேலையையும் மட்டும் கூடவே நின்று வாங்க வேண்டும்.

கொட்டேஷனின் முதல் வரி "12 இன்ச் லெட்டர்". எழுத்துக்கு ரேட் இன்ச் கணக்கில் போடுகிறார்கள். ஆங்கிலப் பெரிய எழுத்தில் இதில் சிக்கல் இல்லை, மேலிருந்து கீழ்வரை 12 இன்ச் என்றால் 12 இன்ச்தான். தமிழில் அப்படி வராது. 'துணிக்கடை' என்று எழுதிப் பாருங்கள்: 'து' கோட்டுக்குக் கீழே இறங்குகிறது, 'ணி'யின் வளைவும் 'க்' மேலுள்ள புள்ளியும் மேலே ஏறுகின்றன. கீழ்நுனி முதல் மேல்நுனி வரை 12 இன்ச் என்று வெட்டினால் 'க' 7 அல்லது 8 இன்ச்தான் மிஞ்சும். ரோட்டில் போகிறவர் கண்ணில் படுவது அந்த 'க'வின் உயரம். 10 அடி தூரத்துக்கு 1 இன்ச் உயரம் என்பது தொழிலில் புழங்குகிற கணக்கு. அதன்படி 8 இன்ச் 'க' 80 அடி வரை சிரமமில்லாமல் வாசிக்க வரும், பஸ்ஸில் இருந்து பார்ப்பவருக்கு அது போதாது. ஆகவே ஆர்டரில் "க உயரம் 12 இன்ச்" என்றே எழுதி வாங்க வேண்டும். இந்தக் கடை டிசைன் அனுப்பும்போதே 'க' உயரத்துக்குத் தனியாக அளவுக்கோடு போட்டு அனுப்பியது. பலர் இதைச் செய்வதில்லை.

அடுத்த தகராறு எண்ணிக்கையில் வரும். 'துணிக்கடை' வாசிக்க ஐந்து எழுத்து, பட்டறையில் ஏழு பீஸ். 'க்'கின் புள்ளி தனிப் பெட்டி, 'டை'யில் ஐகாரக் கொம்பு தனிப் பெட்டி. ஒவ்வொரு பீஸுக்கும் தனிப் பக்கச் சுவர், தனி வயர், பின்னால் ஷீட்டில் தனி ஓட்டை. புள்ளியை இலவசமாகச் சேர்க்கிறார்களா, அரை எழுத்தாகக் கணக்கிடுகிறார்களா என்பதை அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். இவர்கள் புள்ளிக்குக் காசு வாங்கவில்லை. ஆனால் முதலில் வந்த டிசைனில் புள்ளியின் விட்டம் 1 இன்ச்தான் இருந்தது. எழுத்துக்குள் ஒட்டுகிற எல்.இ.டி. துண்டுக்கு மாட்யூல் என்று பெயர். சாதாரண மூன்று பல்பு மாட்யூல் ஏறக்குறைய 65, 70 மில்லிமீட்டர் நீளம். அது 1 இன்ச் பெட்டிக்குள் எங்கே போகும்? பிறகு இரண்டரை இன்ச் ஆக்கி, உள்ளே ஒற்றை பல்பு மாட்யூல் ஒன்று வைத்தார்கள். இப்போது எல்லாப் புள்ளியும் எரிகிறது. நகரில் இரவில் ஒரு நடை போனால், புள்ளி எரியாமல் 'க்' எல்லாம் 'க' ஆகி நிற்கிற போர்டுகள் கண்ணில் படாமல் போகாது.

'ண'வின் சுழிகளிலும் இதே பிரச்சினைதான். தடித்த ஃபான்ட் எடுத்தால் சுழிக்குள் இருக்கும் வெற்றிடம் அடைத்துக்கொண்டு, விளக்கு போட்டதும் ஒரு வெள்ளைக் கட்டியாகத் தெரியும். மெல்லிய ஃபான்ட் எடுத்தால் கோட்டுக்குள் மாட்யூல் இடம் கொள்ளாது. கோட்டின் தடிமன் ஒன்றரை இன்ச்சும், சுழிக்குள் அதில் பாதி வெற்றிடமும் இருந்தால் 12 இன்ச் எழுத்து தெளிவாக வரும். இதைக் கம்ப்யூட்டர் திரையில் பார்த்து முடிவு செய்யக்கூடாது. ஒரு 'ண'வை அசல் அளவில் பேப்பரில் எடுத்துச் சுவரில் ஒட்டி, எதிர்த் திண்ணையில் இருந்து பார்க்க வேண்டும்.

முகப்பு அக்ரிலிக் 3 மில்லிமீட்டர், பால் வெள்ளை. எழுத்தின் ஆழம் 2 இன்ச். மாட்யூல்களுக்கு இடைவெளி அந்த ஆழத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் பல்பு இருக்கிற இடம் புள்ளி புள்ளியாகவும், இடையில் நிழலாகவும் தெரியும். இங்கே அந்தக் குறை இல்லை. மொத்தம் 110 மாட்யூல், ஒவ்வொன்றும் 1.2 வாட், 12 வோல்ட், ஐ.பி. 67 (தூசியும் தண்ணீரும் புகாத தரம்). வெள்ளை ஒளி ஒரே நிறமாக இருக்கிறது, ஏனென்றால் ஒரே பேட்சில் எடுத்திருக்கிறார்கள். அதே பேட்சில் பத்து மாட்யூல் உபரியாக வாங்கிக் கடையில் வைத்துக்கொள்வது நல்லது. ஒரு வருஷம் கழித்துப் புதிதாக வாங்கிப் போடுகிற மாட்யூல் வேறு சாயல் காட்டலாம், அந்த ஓர் எழுத்து மட்டும் தனியாகத் தெரியும். சிவப்பு எழுத்து வேண்டுமானால் வெள்ளை விளக்கின் மேல் சிவப்பு வினைல் ஸ்டிக்கர் ஒட்டுவதைவிடச் சிவப்பு மாட்யூலே போடலாம். வினைல் வெயிலில் வெளுத்தால் இரவில் ரோஸ் நிறம்தான்.

ஏ.சி.பி.யில் பெரிய குறை இல்லை. 4 மில்லிமீட்டர் ஷீட், பின்புறம் அச்சடித்த விவரத்தில் மேல்பூச்சு பி.வி.டி.எஃப். (வெயில் தாங்கும் வகை) என்றிருக்கிறது. வெளிப்புறத்துக்கு அதுதான் வேண்டும், உள்ளறைக்கான பூச்சு சில வருஷ வெயிலில் மங்கும். வழக்கமான ஷீட் 8 அடி நீளம், ஆகவே 12 அடி போர்டில் ஜாயின்ட் வரும். ஜாயின்டை நடுவில் விடாமல் இரண்டு எழுத்துக்கு இடையே கொண்டுவந்து மறைத்திருக்கிறார்கள். கைதேர்ந்த வேலை. அடைத்த சிலிக்கான்தான் தவறான ஜாதி. பிதுக்கும்போது காடி வாசனை வருகிற சிலிக்கான் உலோகத்தை அரிக்கும், வயர் முனையில் பட்டால் தாமிரத்தைப் பச்சையாக்கும். வாசனையில்லாத நியூட்ரல் வகை கேட்டு வாங்க வேண்டும். விலை கொஞ்சம் கூடுதல், அவ்வளவே.

இனி ஃபிரேம். கொட்டேஷனில் "எம்.எஸ். ஃபிரேம், பிரைமருடன்" என்று ஒரே வரி. எம்.எஸ். என்றால் சாதாரண இரும்பு. வந்தது 1 இன்ச் சதுரப் பைப், 18 கேஜ், அதாவது 1.2 மில்லிமீட்டர் கனம். வெல்டிங் கசடைத் தட்டாமல் அதன் மேலேயே ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கோட் அடித்திருக்கிறார்கள். நாகர்கோவில் டவுனுக்குள் இது நாலைந்து வருஷம் தாங்கலாம். குளச்சலில், முட்டத்தில், கன்னியாகுமரியில் தாங்காது. ஏணி போட்டுப் பின்புறம் பார்த்தால் ஒவ்வொரு வெல்டிங் மூட்டிலும் பெயின்ட் செதிலாகக் கழன்று, விரல் நகத்தால் சுரண்டினால் பழுப்புத் தூள் கொட்டுகிறது. பைப்பின் முனைகளையும் மூடவில்லை. உப்புக் காற்று உள்ளே போய்த் தங்கி, வெளியே பெயின்ட் நன்றாக இருக்கும்போதே உள்ளிருந்து தின்னும். கடலோரம் என்றால் ஆர்டரில் இப்படி எழுதுங்கள்: ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப், 16 கேஜ் (எண் குறைந்தால் கனம் கூடும்), வெல்டிங் கசடு தட்டிக் கம்பி பிரஷ் போட்டபின் ஜிங்க் பெயின்ட் இரண்டு கோட், முனைகள் தகடு வைத்து மூடியது.

முகப்பில் தெரிகிற கறையும் உப்பின் வேலைதான். ஷீட்டின் விளிம்பில் அடித்த ரிவெட்டுக்குக் கீழே இன்ச் நீளத்துக்குச் செம்பழுப்புக் கோடு வழிந்திருக்கிறது. ரிவெட்டின் தலை அலுமினியம், உள்ளே அறுந்து நிற்கிற ஆணித் துண்டு இரும்பு. அது துருப்பிடித்து வழிகிறது. முழு அலுமினிய ரிவெட்டோ, ரப்பர் வாஷர் போட்ட ஸ்டெயின்லெஸ் ஸ்குரூவோ போட்டிருந்தால் இது வராது. ஸ்டீல் எழுத்து கேட்கிறவர்களும் கவனிக்க: 202 என்ற தரத்தைக் கடலோரத்தில் தொடவே வேண்டாம், 304 துடைத்துத் துடைத்து வைத்தால் நிற்கும், மாலிப்டினம் கலந்த 316தான் கவலையில்லாமல் நிற்கும்.

காற்றுக்கு ஒரு கணக்கு. போர்டின் பரப்பு 36 சதுர அடி, அதாவது 3.34 சதுர மீட்டர். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 93 கிலோ அழுத்தம், மொத்தத்தில் 300 கிலோவுக்கு மேல். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது இந்த மாவட்டத்தில் மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தது நினைவிருக்கும். இங்கே ஆறு ஆங்கர் போல்ட், 10 மில்லிமீட்டர் கனம், எல்லாம் வாசலுக்கு மேலோடும் லிண்டல் கான்கிரீட்டில் இறங்கியிருக்கின்றன. ஹாலோ பிளாக் சுவரில் இறக்கியிருந்தால் எண்ணிக்கை கூட்டிப் பயனில்லை. இதற்கு முழு மார்க்.

கரண்ட் வேலையில்தான் கஞ்சத்தனம். 110 மாட்யூல் இழுப்பது 132 வாட், 11 ஆம்பியர். வைத்திருப்பது, லைன் கரண்டை 12 வோல்ட்டாக மாற்றித்தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி ஒன்று, 150 வாட். எஸ்.எம்.பி.எஸ். மீது அதன் திறனில் 80 சதவீதத்துக்கு மேல் சுமை ஏற்றக்கூடாது என்பது பொது விதி. அதன்படி 165 வாட் வேண்டும், ஆகவே 200 வாட்தான் சரி. அதையும் போர்டுக்குப் பின்னால், சூடு வெளியேற வழியில்லாத இடத்தில் மாட்டியிருந்தார்கள். மழை படாத வகை என்று சொல்லப்படும் பெட்டி மேலிருந்து விழும் தூறலுக்குத்தான், சாய்ந்தடிக்கும் சாரலுக்கு இல்லை. பல்லி உள்ளே போய் ஷார்ட் ஆவது இன்னொரு வழக்கமான சாவு. எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கடைக்குள் வைத்து 12 வோல்ட் வயரை மட்டும் வெளியே அனுப்புவதே மேல்.

அப்போது வயரின் கனத்தைப் பார்க்க வேண்டும். 5 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 11 ஆம்பியர் போனால் 1.3 வோல்ட் வழியிலேயே தொலையும். கடைசி எழுத்து மங்கும். போர்டை இரண்டு பாதியாகப் பிரித்து, ஒவ்வொரு பாதிக்கும் தனியாக 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் இழுத்தால் இழப்பு 0.4 வோல்ட்தான். உலோக ஃபிரேமுக்கு எர்த் கட்டாயம், கரண்ட் கசிந்தால் தானே அணைக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் கட்டாயம். கொட்டேஷனில் இரண்டும் இல்லை, கேட்டபிறகுதான் வந்தன. மின்செலவு பயப்படும்படி இல்லை: தினம் 5 மணி நேரம் எரிந்தால் எஸ்.எம்.பி.எஸ். இழப்பையும் சேர்த்து மாதம் 23 யூனிட் அளவுதான் வரும்.

எழுத்துப் பெட்டி ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளம் வடிய 5 மில்லிமீட்டர் ஓட்டை விட்டிருக்கிறார்கள். பாராட்ட வேண்டியது. ஆனால் இரண்டு ஓட்டையில் குளவி மண் வைத்து அடைத்து, ஐப்பசி மழையில் 'ட'வின் கீழ்ப்பகுதியில் வெள்ளம் தேங்கி நின்றது. மழைக்கு முன் ஒரு கம்பியை விட்டுக் குத்திவிட்டால் போதும்.

மொழி விஷயம் சுருக்கமாக. தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப்பலகையில் தமிழ் முதலிலும் பெரிதாகவும் இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற விகிதத்தையே அதிகாரிகள் கேட்கிறார்கள். களியக்காவிளைப் பக்கம் மலையாளமும் சேர்த்தால், 3 அடி போர்டில் மேலும் கீழும் 3 இன்ச் விட்டு மிஞ்சும் 30 இன்ச்சை 15, 9, 6 என்று பிரிக்கலாம். 6 இன்ச்சில் மலையாளத்துக்கு விளக்கு எழுத்து வராது, வினைல் வெட்டி ஒட்டுவதே வழி.

சர்வீஸில் குறை சொல்ல முடியாது. இரண்டு மாட்யூல் அணைந்தபோது ஆள் வந்தார், பழைய வயர் முனையை வெட்டி, சால்டர் வைத்து, ஜெல் போட்டு மூடிவிட்டுப் போனார். மாட்யூலுக்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கும் இரண்டு வருஷ வாரண்டி. சாரம் கட்டும் கூலி அதில் சேராது, அது பில்லின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது.